கொடிமரம் தின்ற உப்பு

ஜூலை 19, ஞாயிறு

இந்த நோட்டை எழுதத் தொடங்குபவர் கஸ்பார் மிராந்தா. சின்னத்தாழை ஊரின் திருவிழாக் கமிட்டித் தலைவர், ஒலிபெருக்கியின் ஒரே குரல், இந்துமாக்கடலுக்கு இந்தப் பக்கம் உள்ள மாமன்களில் தலைசிறந்தவர். இதயத்துக்குள் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார். தூத்துக்குடி டாக்டர் சொன்னார்: “தினமும் என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதுங்க. உங்களுக்கு உப்பு எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியணும்.” அவர் தந்த தாளில் ஒரு நாளைக்கு இரண்டே கோடு. என் வாழ்க்கை இரண்டு கோட்டில் அடங்குமா? நான் தனியாக இருநூறு பக்க நோட்டு வாங்கிவிட்டேன்.

சாப்பிட்டது: உப்பில்லாத ஆப்பம், உப்பில்லாத தேங்காய்ப்பால், சாளைமீன் குழம்பு என்ற பெயரில் வெந்நீரில் குளித்த இரண்டு மீன்.

சமைத்தவள் என் மனைவி பிரகாசி. ஒரு கல் உப்பு கூட என் தட்டுக்கு வராமல் காவல் காக்கிறாள். ஆனால் கோயில் முற்றத்தில் நிற்கும் கொடிமரத்துக்கு மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் பொட்டலம் பொட்டலமாக உப்பும் மிளகும் கொண்டுபோய்க் கொட்டுகிறாள். அவள் மட்டுமல்ல, ஊரே கொட்டுகிறது. எங்கள் ஊர்க் காவலர் நோய் தீர்க்கும் புனித ஆரோக்கியநாதர். கொடிமரத்தின் காலடியில் போட்ட உப்பு கரைவதுபோல நோயும் கரையும் என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். என் பங்கு உப்பைக் கொடிமரம் தின்கிறது. நான் கஞ்சி குடிக்கிறேன்.

கொடிமரத்தைப் பற்றியும் எழுதிவிட வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் என் தலைமையில் நட்டது. உள்ளே இரும்புக் குழாய், வெளியே அடிமுதல் நுனிவரை பித்தளைத் தகடு. பித்தளை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நானே. பில்லில் உயரம் நாற்பத்தைந்து அடி. என் மைக்கில் ஐம்பத்தைந்து. ஆகஸ்ட் ஏழாம் தேதி கொடியேற்றம்.

ஜூலை 20

சாப்பிட்டது: இட்லி. அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

ஜூலை 22, புதன்

இன்று கொடிமரத்துக்குப் புளி போடும் நாள். திருவிழாவுக்கு முன் பித்தளையைப் புளியும் உப்பும் வைத்துத் தேய்ப்பது தலைவரின் கடமை. ஏணி எட்டுகிற வரை நான், அதற்கு மேல் ஆரோக்கியநாதர் பார்த்துக்கொள்வார். தேய்த்து முடிப்பதற்குள் என் தங்கை மகள் பெலிசி முதுகுப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கோயிலுக்கு வந்துவிட்டாள். கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் வேலை. அந்த ராட்சசக் கம்பங்களில் எங்கே விரிசல் விழுந்திருக்கிறது என்று தேடுவதற்கு ஒரு பெண்ணுக்குச் சம்பளம் தருகிறார்கள். திருவிழா முடியும்வரை லீவு.

“வெயில்ல ஏணியில நின்னு என்ன மாமா பண்ணுதீங்க? நெஞ்சு பத்திரம்.”

“தேய்க்கேன் மக்ளே. போன வருசம் ஒரு கப்பல்காரன் இதைக் கலங்கரை விளக்கம்னு நெனச்சு நங்கூரம் போட்டுட்டான். அவனைத் திருப்பி அனுப்ப நான்தான் போனேன்.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்தவள் நிமிரவில்லை. பித்தளை சிமென்ட் மேடையைத் தொடும் இடத்தில், உப்புக் குவியலை விரலால் ஒதுக்கினாள். தகட்டின் அடியிலிருந்து செம்பழுப்பாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது.

“இது என்ன மாமா?”

“மிளகுக் கறை.”

நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள். “துரு. உள்ள இருக்க இரும்புல இருந்து வருது. அடித்தகட்ட மட்டும் கழத்திப் பாக்கலாமா?”

கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கொடிமரத்தின் சட்டையைக் கழற்றுவதா? எட்டு வருடமாக அதன் பளபளப்பைப் பக்கத்து ஊர்கள் பொறாமையில் வெந்து பார்க்கின்றன. முடியாது என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

சாப்பிட்டது: ரசம் சாதம். பெலிசி கொண்டுவந்த மக்ரூன் இனிப்பில் இரண்டு. டாக்டர், மக்ரூனில் உப்பு கிடையாது.

ஜூலை 23, வியாழன்

டாக்டர் இந்தப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டவும்.

போன மாதம் ஒரு கல்யாணப் பார்சலில் வந்த ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்றை, சின்னதாக, பிளாஸ்டிக்கில் அடைத்தது, அலமாரியில் ஜெபப் புத்தகத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். பிரகாசி மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து எடுத்தேன். இழுத்தேன், முறுக்கினேன், பல்லால் கடித்தேன். ஒரு காலத்தில் சுறாவின் வாயைக் கையால் பிளந்தவன் நான். பொட்டலம் அசையவில்லை.

“என்ன மாமா அது?” என்று வாசலில் பெலிசி.

அவள் பொட்டலத்தை வாங்கினாள். ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டாள். எறும்பின் கால் அளவு கீறல். பிறகு இரண்டு விரலால் மெல்ல இழுத்தாள். துணி கிழிவதுபோலப் பிரிந்தது.

“இதத்தான் நேத்துச் சொல்ல வந்தேன். பாக்கெட்ல இருந்து எவ்வளவு பிளாஸ்டிக் குறைஞ்சிருக்கு?”

“ஒண்ணும் குறையல.”

“ஆனா பலம் போயிட்டு. நீங்க இழுத்த இழுப்பெல்லாம் அந்த ஒரு கீறல்ல போய்ச் சேருது. உங்க கொடிமரத்துலயும் அப்படித்தான். உப்புத் தண்ணி பித்தளைக்கும் இரும்புக்கும் நடுவுல எறங்கி நிக்குது. காயாது. அது இரும்ப ஒரே மாதிரி அரிக்காது. ஊசி குத்துன மாதிரி அங்கங்க குழி போடும். மொத்தமா எடை போட்டுப் பாத்தா ஒரு கைப்பிடி இரும்பு கூடப் போயிருக்காது.”

“அப்ப என்ன? ஒரு யானையே முட்டினாலும் நிக்குமே.”

“யானை முட்டினா நிக்கும் மாமா. காத்து யானை மாதிரி ஒரு தடவ முட்டாது. கொசு மாதிரி கோடி தடவ முட்டும். இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு. வழவழன்னு இருக்க இரும்பு அத்தனையும் தாங்கும். குழி விழுந்த இரும்பு பாதிகூடத் தாங்காது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குழியோட அடியில விரிசல் ஒரு மயிரிழை நீளும். வெளிய ஒண்ணும் தெரியாது. ஒருநாள் சின்னக் காத்துல போயிரும்.”

“எப்ப?”

“தகட்ட எடுத்தாத்தான் சொல்ல முடியும்.”

பேச்சு முடிந்ததும் ஊறுகாயைக் குப்பையில் போட்டுவிட்டாள். அறிவியல் எனக்குச் செய்த இரண்டாவது துரோகம். முதலாவது ஸ்டென்ட்.

சாப்பிட்டது: விரலில் ஒட்டியிருந்தது.

ஜூலை 24, வெள்ளி

பிரகாசி மாலையில் பொட்டலத்தோடு கொடிமரத்தடிக்குப் போனாள். உப்பைக் கொட்டிவிட்டு, மேடையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஜெபமாலை சொல்வாள். முழுதாக ஐம்பத்து மூன்று மணியும். நான் தற்செயலாக அந்தப் பக்கம் போனேன்.

“இங்கன உக்காராத. எறும்பு.”

“உப்புக்கு எறும்பு வராதுங்க.”

“மிளகுக்கு வருது. வேற சாதி எறும்பு. பர்மாவுல இருந்து மரத்தடியோட வந்தது. கடிச்சா காலு பனங்கொட்டை மாதிரி வீங்கும்.”

அவள் என்னைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடமாகப் பார்க்கிற பார்வை. எழுந்து பூவரச மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். எனக்கு ஒரு பயமும் இல்லை. நிழலில் உட்கார்ந்தால் உடம்புக்கு நல்லது என்பதற்காகச் சொன்னேன்.

சாப்பிட்டது: மறந்துவிட்டேன்.

ஜூலை 25

ஆடிக் காற்று. சரியாகத் தூக்கமில்லை. கொசு.

ஜூலை 26, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால், தொம்மை கொரைரா கொடிமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். போன கமிட்டித் தேர்தலில் என்னிடம் தோற்றவர். அதிலிருந்து நான் நட்டதையெல்லாம் அண்ணாந்து பார்ப்பது அவருக்குத் தொழில்.

“வேய் கஸ்பாரு, ஒம்ம கொடிமரம் ஆடுதுவே.”

“ஆடாட்டாத்தான்வே கவலைப்படணும். பனைமரம் ஆடலியா? ஒம்ம தல ஆடலியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தொம்மையும் சிரித்துத்தான் போனார். கூட்டம் கலைந்த பிறகு, புளிச்சக்கை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க நான் கொடிமரத்தடிக்குப் போனேன். கடல் பக்கத்துத் தகட்டின் இணைப்பில் விரலை வைத்தேன். காற்று ஓங்கி வந்தது. இணைப்பு என் விரல் நுனியைக் கடித்தது.

கடித்தது என்றால் கடித்தது. காற்று அடிக்கும்போது இடுக்கு திறக்கிறது, காற்று தணியும்போது மூடுகிறது. கரையில் கிடக்கும் மீனின் செவுளைப் போல. விரலில் பொட்டு ரத்தம்.

சாப்பிட்டது: பிரகாசி என்ன கொடுத்தாளோ அது.

ஜூலை 27, திங்கள்

பெலிசியின் மனம் நோகக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகப் பங்குச் சாமியார் ததேயுவைப் பார்க்கப் போனேன். அவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பம்பை நிறுத்தாமலே கேட்டார்:

“தகட்டைக் கழற்றிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால்?”

“எனக்குச் சந்தோசம் சாமி.”

“கழற்றாமல் இருந்து ஏதாவது இருந்தால்?”

நான் தலையைச் சொறிந்தேன். விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுப் பம்பை என்னிடம் கொடுத்தார். “பின் டயருக்கு நீ அடி. நான் போய்ச் சாவி எடுத்து வர்றேன், ஸ்பேனர் பெட்டி கோயில் சாமான் அறையில்தான் இருக்கு.”

சாப்பிட்டது: சாமியார் வீட்டில் ஒரு பிஸ்கட். இனிப்பு பிஸ்கட்.

ஜூலை 28, செவ்வாய்

அடித்தகட்டைக் கழற்றினோம். உள்ளேயிருந்து ஈர உப்பு, சோற்றுப் பானையைக் கவிழ்த்ததுபோல, கட்டியாக விழுந்தது. எட்டு வருடத்து நேர்ச்சை. அடுத்த ஆயிரம் வருடத்துக்குச் சின்னத்தாழைக்குக் கருவாடு போடலாம். சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். இரும்பின் தோல் அம்மை வந்த முகம்போல இருந்தது.

“இவ்வளவுதானா?” என்றேன். குழிகள் கடுகு அளவுதான். தைரியம் வந்துவிட்டது. “இதுல கடுகு தாளிக்கலாம், அவ்வளவுதான்.”

பெலிசி தன் பையைத் திறந்தாள். தேய்த்துச் சுத்தம் செய்தாள். ஒரு டப்பாவிலிருந்து சிவப்புச் சாயத்தைப் பீய்ச்சினாள். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தாள். ஒரு சொட்டுச் சிவப்பு கூட மிச்சமில்லாமல் துடைத்தாள். பிறகு இன்னொரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியைப் படியவிட்டாள். சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஆனது.

“இனி என்ன?”

“சும்மா நிப்போம் மாமா. விரிசல் இருந்தா உள்ள போன சாயம் வெளிய வரும்.”

நின்றோம். முதலில் புள்ளி புள்ளியாக வந்தது. அது குழிகள். பரவாயில்லை என்று மூச்சு விட்டேன். அப்புறம் கடல் பக்கத்தில், ஒரு புள்ளியிலிருந்து, இரண்டு பக்கமும் மெல்லிய சிவப்புக் கோடு நீண்டது. யாரும் வரையவில்லை. தானாக நீண்டது. குழாயின் சுற்றில் பாதி போய் நின்றது.

சாமியார் தன் அங்கியின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். நான் போகவில்லை. முட்டி மடங்காமல் அடம்பிடித்ததுதான் காரணம், வீரம் என்று எழுதினால் ஆரோக்கியநாதர் கோபிப்பார்.

“இங்க ஒருத்தரும் வரக்கூடாது,” என்றாள் பெலிசி. “இப்பவே.”

சாப்பிட்டது: ஒன்றும் இறங்கவில்லை.

ஜூலை 29, புதன்

கப்பல் வடக்கயிறு நான்கு கொண்டு நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினோம். எக்ஸ்டென்ஷன் ஏணி வைத்துக் கட்டியது ஊர் இளவட்டங்கள், முடிச்சைச் சொல்லிக்கொடுத்தது நான். அந்த முடிச்சால் ஒரு திமிங்கிலத்தைக் கட்டி வளர்க்கலாம். முற்றத்தைச் சுற்றி மீன்வலை கட்டி மறித்தோம். கிரேன் திங்கட்கிழமைதான் வரும் என்று பெலிசி பேசி முடித்தாள்.

மைக்கில் அறிவித்தேன்: “கொடிமரத்துக்கு வைத்தியம் நடப்பதால் பார்வையாளர் அனுமதி இல்லை.” எட்டு வருடத்தில் என் மிகச் சிறிய அறிவிப்பு.

ஜூலை 31, வெள்ளி

காலையிலிருந்து வலைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். காற்று வந்தால் கயிறு முனகுகிறது. மாலையில் பிரகாசி பொட்டலத்தோடு வந்தாள்.

“வலைய கொஞ்சம் தூக்குங்க. போட்டுட்டு வந்திருதேன்.”

“இன்னைக்கு முடியாது.”

“ஒரு நிமிசம்தானே.”

“சொன்னா கேளு பிரகாசி. மரம் விரிசல் விட்டு நிக்குது. அடுத்த வாரம் ஒரு மூட்டையாப் போடு, நானே சுமந்து வாரேன்.”

அவள் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். மூக்குத்தி நடுங்கியது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அழக்கூடிய பெண் இல்லை அவள்.

“ஒங்களுக்கு நெஞ்சு வலிச்ச அன்னைக்கு நேர்ந்துக்கிட்டேன். ஒரு வெள்ளி கூட விடமாட்டேன்னு. ஒவ்வொரு நாளும் கொழம்புல போட உப்ப அள்ளுவேன். அப்புறம் போடாம அந்தக் கையோட ஒரு டப்பாவுல போட்டு வைப்பேன். வெள்ளிக்கிழம அத்தனையும் இங்க கொண்டு வருவேன். ஒங்க உப்புதாங்க இது. விட்டுட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது.”

என் பங்கு உப்பைக் கொடிமரம் தின்கிறது என்று ஜூலை 19-ல் வேடிக்கையாக எழுதியிருந்தேன். அதை அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

பொட்டலத்தை வாங்கி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். “இது எங்கிட்ட இருக்கட்டும். வெள்ளி முடியல, சாமி கணக்குல இன்னும் நேரம் இருக்கு,” என்றேன். என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பூவரசடிக்குப் போனாள்.

சாப்பிட்டது: அவள் ஊட்டாத குறையாகக் கஞ்சி. ருசியாக இருந்தது.

ஆகஸ்ட் 1, சனி

கொடிமரம் இல்லாமல் கொடியேற்றம் இல்லை. ஊரில் அந்த உயரத்துக்கு இருக்கும் ஒரே கம்பு தொம்மை கொரைராவின் அப்பா காலத்துத் தோணியின் பாய்மரம். இப்போது அவர் வீட்டு முற்றத்தில் துணி காய்கிறது அதில். போய் நின்றேன்.

“வாரும்,” என்றார் தொம்மை. “அண்ணாந்து பாக்க வந்தீரா?”

“பாய்மரம் வேணும்.”

“கேக்குத எடத்துல தயவா கேக்கணும்லா?”

“தயவா வேணும்.”

ரொம்ப நேரம் மீசையைத் தடவினார். “தாரேன். ஆனா கொடியேத்தும்போது மைக்கில ‘கொடிமரம் உபயம் தொம்மை கொரைரா’ன்னு மூணு தடவ சொல்லணும். ஒம்ம வாயால.”

ஒப்புக்கொண்டேன். மூன்று தடவை கேட்டவருக்கு என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 3, திங்கள்

கிரேன் வந்தது. நான் உயிரோடு இருக்கிறேன். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

பெலிசி தலையில் மஞ்சள் தொப்பியோடு கட்டளை போட்டாள். மரத்தின் மேல்பாதியில் பெல்ட்டைச் சுற்றி கிரேன் கொக்கி பிடித்துக்கொண்டது. கயிறுகளை அவிழ்த்தோம். முற்றத்தில் ஒரு நாய்கூட இல்லை. ஊர் முழுவதும் பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப் பக்கம். அடி போல்ட்டுகளைக் கழற்ற ஒருவன் ஸ்பேனரோடு கிளம்பினான்.

“நில்லுங்க,” என்றாள் பெலிசி. “காத்து போகட்டும்.”

காற்று வந்தது. பெரிய காற்று இல்லை. துணி காயப்போட்டால் பிடித்துக்கொள்ளத் தோன்றாத காற்று. கல்லில் தேங்காய் உடைத்ததுபோல ஒரு சத்தம், வறண்ட ஒற்றைச் சத்தம். கொடிமரத்தின் கால், மேடையை விட்டு அரை அடி தள்ளி நகர்ந்து, தொங்கியது. நாற்பத்தைந்து அடி இரும்பும் கிரேனின் கொக்கியில், தூக்கிப் பிடித்த குழந்தை காலை ஆட்டுவதுபோல, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

ஸ்பேனர்க்காரன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

மதிலுக்கு அப்பால் பிரகாசியின் தலைமட்டும் தெரிந்தது. அவள் கொடிமரத்தைப் பார்க்கவில்லை. அது விழுந்திருக்கக்கூடிய திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் வழக்கமாக முதுகு சாய்க்கும் மேடை ஓரம் இருந்தது.

“எறும்பா?” என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

“பர்மா எறும்பு,” என்றேன்.

கிரேன்காரர் கேட்டதற்கு, எனக்குக் கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று சொன்னேன். இந்த நோட்டிலும் அதையே பதிவு செய்கிறேன்.

சாப்பிட்டது: எல்லாம். இரண்டு தடவை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

பெலிசி முறிந்த வாயைக் காட்டினாள். நான் கற்பனை செய்திருந்தது கரடுமுரடான முறிவு. பாதிதான் அப்படி, நேற்று முறிந்த பளிச்சென்ற பாதி. மற்றப் பாதி வழவழப்பாக, கருப்பாக, வரி வரியாக இருந்தது. வளைந்து வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாக.

“இது சிப்பி,” என்றேன்.

“அதேதான் மாமா. சிப்பி வளர வளர வரி விழுற மாதிரி, விரிசல் நின்னு நின்னு வளந்த வரி. ஒவ்வொரு காத்துக் காலமும் கொஞ்சம்.”

நான் முத்துக் குளித்தவர்களின் பேரன். (என் தாத்தா ஒரே மூச்சில் இலங்கைவரை நடந்தவர், கடலுக்கு அடியில்.) சிப்பியில் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வரிகளெல்லாம் சுருங்கிச் சுருங்கிச் சேரும் இடத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். அங்கே கடுகளவு ஒரு குழி. அவ்வளவு பெரிய மரம் அங்கிருந்துதான் போயிருக்கிறது.

பிரகாசி எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தது தெரியவில்லை.

“அது எந்த உப்பு?” என்றாள். “என் உப்பா?”

பெலிசி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். “ஒன் உப்புக்கு அவ்வளவு வீரியம் இருந்தா நான் இன்னைக்கு ஒலிம்பிக்ல ஓடிக்கிட்டிருப்பேன். இது ஊர் உப்பு. கொஞ்சம் தொம்மை குடும்பத்து உப்பு. அவங்க உப்பு ரொம்ப காரம்.”

அவள் சிரிக்கவில்லை. “அப்ப இனி எங்க போடுவேன்?”

இதற்கு என்னிடம் பொய் இல்லை.

ஆகஸ்ட் 5, புதன்

சாமியாரிடம் அவளை அழைத்துப் போனேன். அவர் சொன்னது:

“உப்பு கரையணும், அதோட நோய் கரையணும். அதுதானே நேர்ச்சை, பிரகாசி? கொடிமரத்தடியில் அது எட்டு வருடமாக் கரையாமல் கட்டியா நிக்குது. நல்லாக் கரையுற இடமாப் பார்த்துப் போடு.”

“எங்க சாமி?”

அவர் ஜன்னலைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. எங்கள் ஊரில் எந்த ஜன்னலுக்கு வெளியேயும் அதுதான் இருக்கும். ஆனாலும் அவர் திறந்து காட்டிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. மைக்கில் பயன்படுத்திக்கொள்வேன்.

திருவிழாவுக்குப் பிறகு நடப்போகும் புதுக் கொடிமரத்துக்கு அடியில் உப்பு போடக்கூடாது என்று அறிவிப்பும், வருடா வருடம் அடித்தகட்டைத் திறந்து பார்ப்பது என்று தீர்மானமும் கமிட்டியில் நிறைவேறின. திறப்பவர் தொம்மை. அண்ணாந்தே பழகியவர், ஒரு தடவை குனியட்டும்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

கொடி ஏறியது.

பாய்மரத்தில் துணி காயப்போடும் கொடி கட்டியிருந்த இடத்தில் ஆரோக்கியநாதர் படம்போட்ட கொடி. ஊரே கயிற்றைப் பிடித்தது. நான் மைக்கைப் பிடித்தேன்.

“கொடிமரம் உபயம், கடலைக் கையால் அளந்தவர், காற்றுக்கு வழி சொன்னவர், தொம்மை கொரைரா,” என்று தொடங்கினேன். மூன்று தடவை கேட்டவருக்கு முப்பது தடவை கொடுத்தேன். அவர் தோணிதான் நோவாவின் பேழைக்கு மாதிரி என்றேன். அவர் மீசையின் நிழலில் ஒரு பட்டாளம் இளைப்பாறியது என்றேன். தொம்மை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மைக்கின் வயரைப் பிடித்தார்.

“போதும்வே. பொண்டாட்டி சிரிக்கா.”

“இன்னும் ஒம்ம குழந்தைப் பருவத்துக்கே வரலவே,” என்றேன். அப்புறம் விட்டுவிட்டேன். பாய்மரம் காற்றில் ஆடியது. நன்றாக ஆடியது, எந்த இடுக்கும் இல்லாமல்.

கொடியேற்றம் முடிந்து பிரகாசியும் நானும் கடற்கரைக்கு இறங்கினோம். பெலிசி சற்றுத் தள்ளி நின்றாள், போனில் படம் எடுப்பதுபோல. போன வெள்ளியிலிருந்து என் சட்டைப்பையில் கிடந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். ஈரத்தில் ஊறிப் பையெல்லாம் வெள்ளையாகியிருந்தது. இந்த வாரத்து டப்பாவையும் அவள் கொண்டுவந்திருந்தாள். முழங்கால் அளவு தண்ணீரில் என் பக்கத்தில் நின்று இரண்டையும் கவிழ்த்தாள்.

“கடலுக்கு உப்பு போட்ட மொத பொம்பள நீதான்,” என்றேன்.

“கரைஞ்சிட்டுங்க,” என்றாள் அவள், தண்ணீரைப் பார்த்தபடி. “பாத்தீங்களா, அதுக்குள்ள கரைஞ்சிட்டு.” அவள் முகத்தில் இத்தனை நாளும் இருந்த ஒரு இறுக்கம் போயிருந்தது. எனக்கும் எங்கோ ஒரு போல்ட் கழன்றதுபோல இருந்தது.

அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கம்பீரமான ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து நெஞ்சில் மோதி முகத்தில் அறைந்தது. பிரகாசி என் கையைப் பிடித்துக்கொண்டு, கொடி ஏறிய நாளும் அதுவுமாக, சத்தமாகச் சிரித்தாள்.

சாப்பிட்டது: காலையில் உப்பில்லாத ஆப்பம். மாலையில் கடல், ஒரு வாய். டாக்டர், எனக்கு உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். நேர்ச்சையிலிருந்து வருகிறது.